நத்தார் வான்கோழியின் வாலைப் பழுதாகாமல் காயவைத்துச் சுவரில் மாட்டுவது எப்படி: திருகோணமலை வீடுகளுக்கான வழிகாட்டி

இரண்டு வால்களைக் குப்பையில் போட்டபிறகுதான் மூன்றாவது என் வீட்டுச் சுவரில் ஏறியது. முதலாவதை உப்புப் போட்டுக் காயவைத்தேன். மார்கழி மழையில் உப்பு நீர்விட்டுக் கசிந்து, பத்தாம் நாள் வீடு முழுக்க நாற்றம். இரண்டாவது நன்றாகவே காய்ந்தது. ஆறு மாதம் சுவரில் அவ்வளவு அழகாக இருந்தது. ஒருநாள் தூசு தட்டும்போது ஓர் இறகு கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால், அடியில் அரிசி மணியை விடச் சின்னதாக, மயிர் மூடிய பழுப்புப் புழுக்கள். காம்புகளின் அடியை அவை முழுக்கத் தின்று முடித்திருந்தன.

வான்கோழி வாலைப் பதப்படுத்தும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வேட்டைக்காரர்கள் சொன்னவை. அங்கே கொட்டிலில் மூன்று கிழமை வைத்தால் தானாகக் காய்ந்துவிடும். கடலுக்கு இவ்வளவு கிட்ட, வாடை மழைக்குள், எறும்பும் பூஞ்சணமும் உள்ள ஊரில் அதே முறையை அப்படியே செய்தால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். நமக்கு ஏற்றபடி மாற்றிச் செய்து, சரிவந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. கத்தியை எடுக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்

நம் பக்கத்தில் வான்கோழி அதிகம் அறுபடுவது நத்தாருக்கு. திருகோணமலையில் மழை அதிகம் பெய்வது ஐப்பசியிலிருந்து தை வரை. ஆக, வால் கையில் கிடைக்கிற நேரமும் எதுவுமே காயாத நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. என் முதல் தோல்விக்குக் காரணம் உப்பு மட்டும் அல்ல, இந்த அவசரமும்தான்.

தீர்வு சுலபம்: அறுத்த அன்றே சதையை எடுத்து, வாலைப் பிரீசரில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். மழை ஓய்ந்து வெயில் நிலைக்கும் பெப்ரவரிக் கடைசியில் வெளியே எடுத்துக் காயவையுங்கள். இந்தக் காத்திருப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. இறகுக்குள் ஏற்கெனவே முட்டையோ பூச்சியோ இருந்தால் குளிரில் செத்துப்போகும்.

நேரக் கணக்கு இப்படி வரும்: அறுக்கிற நாளில் இரண்டு மூன்று மணித்தியால வேலை. பிரீசரில் எட்டு ஒன்பது கிழமை. பிறகு விரித்துக் குத்த ஒரு பின்னேரம். காய நான்கு கிழமை. பலகையும் சட்டமும் செய்ய ஒரு கிழமை. நத்தாருக்கு அறுத்த பறவையின் வால் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுவரில் இருக்கும். அதற்கு முன்னால் முடிக்க நினைக்காதீர்கள்.

வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் ஏதாவது விசேஷத்துக்கு அறுத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கச்சான் காற்றுக் காலத்தில் பதினைந்து இருபது நாளில் காய்ந்துவிடும். அப்போதும் பிரீசரில் இரண்டு கிழமை வைக்கும் படியைத் தவிர்க்காதீர்கள்.

2. எந்தப் பறவை, என்ன கடதாசி

சேவலின் வால்தான் வேண்டும். அதுவும் ஒரு வயது தாண்டிய சேவல். ஆறேழு மாதச் சேவலுக்கு நடு இறகுகள் நீண்டும் பக்கத்து இறகுகள் குட்டையாகவும் இருக்கும். விரித்தால் மேல் விளிம்பு ஒரே வளைவாக வராது. நத்தாருக்கு விற்கிறவை பலவும் இந்த வயதுதான் என்பதால் வாங்கும்போதே கேளுங்கள்.

வான்கோழி வாலில் பெரிய இறகுகள் பொதுவாக 18. சேவல் வாலை விரித்து நடக்கும்போது எண்ணிப் பாருங்கள். சண்டையில் இரண்டு மூன்று போயிருக்கும். ஒன்று குறைந்தால் சமாளிக்கலாம், நான்கு குறைந்தால் வேறு பறவை பாருங்கள். முடிந்தால் வளர்ப்பவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இறகின் அடிக்காம்பையும் பாருங்கள். வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் இறகு முற்றிவிட்டது. நீலம் பாய்ந்து மெத்தென்று இருந்தால் உள்ளே இன்னும் இரத்தம் ஓடுகிறது. அப்படிப்பட்ட இறகு காயும்போது சுருங்கும், அழுகவும் செய்யும்.

நோயில் செத்த பறவையின் வாலை எடுக்கவே வேண்டாம். வால் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பறவைக் காய்ச்சல், ராணிக்கெட் போன்றவை இறகோடும் எச்சத்தோடும் பரவக்கூடியவை.

கடதாசி விஷயம் சின்னதுதான், ஆனால் நான் அதைச் செய்யாமல் அலைந்தேன். தம்பலகாமத்திலிருந்து வாலைப் பையில் போட்டுக்கொண்டு வரும்போது வழியில் சோதனைக்கு மறித்தவர்கள் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பழுப்பில் கோடு கோடாக இருந்த இறகைப் பார்த்துப் பருந்தா, ஆந்தையா என்று கேள்வி. வான்கோழி என்று நான் சொன்னதை நம்ப அரை மணித்தியாலம் ஆனது. இப்போது விற்பவரிடம் ஒரு துண்டு எழுதி வாங்குகிறேன்: இன்ன திகதி, வளர்ப்பு வான்கோழிச் சேவல் ஒன்று, விலை இவ்வளவு, அவருடைய கையொப்பம், தொலைபேசி இலக்கம். உயிருள்ள பறவையை அதே இடத்தில் கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துண்டைப் பிறகு சட்டத்தின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

மயில் தோகை, காட்டுக்கோழி வால், கொக்குச் செட்டை இதையெல்லாம் இதே முறையில் செய்யலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். இந்த முறை வளர்ப்புப் பறவைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப் பறவைகளின் விஷயம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

3. அறுக்கிற நாள்

இங்கேதான் பலரும் வாலை இழக்கிறார்கள். அறுப்பவருக்கு இறைச்சிதான் முக்கியம், வால் இல்லை. அறுத்தவுடன் சுடுநீரில் முக்கிவிடுவார். சுடுநீர் பட்ட இறகு வேரோடு கழன்று வந்துவிடும், அவ்வளவுதான். ஆகையால் முதல் நாளே போய், "நானா, சுடுதண்ணியில போட முதல் வாலை வெட்டி எனக்குத் தாங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அறுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

பறவை துடிக்கும்போது வால் இரத்தத்தில் புரளும். பழைய தலையணை உறையை வாலுக்கு மாட்டி, அடியில் தளர்வாக ஒரு கயிறு கட்டிவிட்டால் பாதிக் கழுவல் வேலை குறையும்.

வெட்ட வேண்டிய இடம்: நீள இறகுகள் உடம்போடு சேரும் இடத்திலிருந்து உடம்புப் பக்கமாக இரண்டு விரல் தள்ளி. விரலால் அமுக்கினால் முள்ளந்தண்டு முடியும் இடத்தில் ஒரு மூட்டு அசையும். அந்த மூட்டுக்குள் கத்தி போனால் எலும்பை வெட்டத் தேவையில்லை. இறகை ஒட்டி வெட்டினால் காம்புகள் அறுந்து எல்லாம் தனித்தனியாகிவிடும். அப்புறம், முதுகுத் தோலில் ஓர் உள்ளங்கை நீளத்தை வாலோடு சேர்த்து உரித்து எடுக்கச் சொல்லுங்கள். வெயிலில் செம்பும் பச்சையுமாக மின்னுகிற சிறு இறகுகள் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் விசிறி, அதாவது விரித்துக் காயவைத்த வால், மொட்டையாகத் தெரியும்.

4. சதை எடுப்பது

நேரத்தை இங்கே தாராளமாகச் செலவழியுங்கள். மற்ற எந்தப் படியில் தவறினாலும் திருத்தலாம். இங்கே விட்ட சதை பிறகு நாறும், பூச்சியைக் கூப்பிடும்.

வேண்டியவை: பாமசியில் கிடைக்கும் சத்திரசிகிச்சை பிளேட் இரண்டு, ஒரு தேக்கரண்டி, பழைய பற்தூரிகை, கையுறை, பழைய பத்திரிகைக் கடதாசி. வாலை முதலில் மேல்பக்கம் தெரிய வையுங்கள். முதுகுத் தோல் முடிந்து வால் தொடங்கும் இடத்தில், சிறு இறகுகளை விலக்கிப் பார்த்தால் அவரை விதை அளவில் ஒரு மேடு இருக்கும். நுனியில் சின்ன முலைக்காம்பு போல் ஒன்றும் அதில் சில மயிர்களும் தெரியும். அதுதான் எண்ணெய்ச் சுரப்பி. பறவை இறகு கோதும்போது அலகால் எண்ணெய் எடுப்பது இதிலிருந்துதான். இதை முழுதாகத் தோண்டி எடுக்க வேண்டும். சுற்றி ஒரு வட்டம் கீறி, அடியில் பிளேட்டை நுழைத்துத் தூக்குங்கள். நடுவில் வெட்டினால் மஞ்சள் எண்ணெய் வழிந்து இறகெல்லாம் பரவும். அப்படி ஆகிவிட்டால் உடனே பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டுத் துடையுங்கள், காயவிடாதீர்கள்.

இப்போது திருப்பி, அடிப்பக்கம் மேலே வரும்படி வையுங்கள். மலவாய்த் தோல் எஞ்சியிருந்தால் முழுக்க வெட்டி எறியுங்கள். பிறகு மஞ்சள் கொழுப்பைக் கரண்டி விளிம்பால் சுரண்டுங்கள். கொழுப்பு போகப் போக, இறகுக் காம்புகளின் முனைகள் சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக வெளியே தெரியும். ஒவ்வொரு பல்லுக்கு இடையிலும் சிவப்புச் சதை ஒட்டியிருக்கும். பிளேட்டின் நுனியால் அதை நீளவாக்கில் கீறி, பற்தூரிகையால் உள்ளிருந்து வெளியே தேயுங்கள். குறுக்கே வெட்டவே வெட்டாதீர்கள். காம்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் வெள்ளைச் சவ்வு அங்கேதான் ஓடுகிறது. அது அறுந்தால் இறகுகள் ஆடத் தொடங்கும். நடுவில் இருக்கும் கடைசி எலும்புத் துண்டையும் எடுக்காதீர்கள், இரு பக்க இறகுகளும் அதைப் பிடித்துத்தான் நிற்கின்றன.

எப்போது நிறுத்துவது? பதினெட்டுக் காம்புகளின் வெள்ளையும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்து, விரல் வைத்தால் பிசுபிசுப்பு இல்லாமல் இருக்கும்போது. முதல் தடவை எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. மூன்றாவது தடவை முக்கால் மணித்தியாலம்தான்.

5. கழுவுவது

இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், சுடுநீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். கறை போனபிறகு ஒரு பேசின் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து துளி கலந்து, வாலை அடியிலிருந்து நுனிப் பக்கமாக மட்டும் கையால் வழித்துக் கழுவுங்கள். எதிர்ப் பக்கமாகத் தேய்த்தால் இழைகள் உடையும். இரண்டு தண்ணீரில் அலசுங்கள்.

நனைந்த வாலைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், நனைந்த கோழிக்குஞ்சு மாதிரித்தான் இருக்கும். துவாயால் ஒற்றி, மேசை மின்விசிறிக்கு முன்னால் தொங்கவிட்டு, பிறகு தலைமுடி காயவைக்கும் டிரையரைக் குறைந்த சூட்டில் பிடித்தால் இறகு மறுபடி எழும்பி வரும். பிரிந்து நிற்கும் இழைகளை இரண்டு விரலுக்கு இடையில் வைத்து நுனிவரை இழுத்தால் ஒன்றோடொன்று கொழுவிக்கொள்ளும். அடியில் இருக்கும் பஞ்சு இறகுகளையும் முழுக்கக் காயவைத்துத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

சிலர் ஈரத்தை உறிஞ்சச் சோளமாவோ கோதுமை மாவோ தூவச் சொல்வார்கள். நம் ஊரில் வேண்டாம். அதில் ஒரு சிட்டிகை மிஞ்சினாலும் எறும்பும் வண்டும் தேடி வரும்.

6. பிரீசரில் வைப்பது

வாலை விரிக்காமல், மூடிய நிலையிலேயே, இரண்டு காட்போட் மட்டைகளுக்கு நடுவில் வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் நுனிகள் மடங்கிவிடும். மேலே பொலித்தீன் பை, காற்றை அமுக்கி வெளியேற்றி இறுகக் கட்டி, அதற்கு மேல் இன்னொரு பை. திகதி எழுதி ஒட்டுங்கள்.

ஒற்றைக் கதவு பிரிட்ஜின் மேல் தட்டு போதாது. பூச்சி சாக வேண்டுமானால் கழித்தல் 18 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர் வேண்டும், அதுவும் இரண்டு கிழமை தொடர்ந்து. எங்கள் வீட்டில் அப்படிப் பிரீசர் இல்லை. மீன் வியாபாரம் செய்யும் பக்கத்து வீட்டு அண்ணனின் பெட்டிப் பிரீசரில் ஒரு மூலையில் இடம் கேட்டு வைத்தேன். உணவோடு வைப்பதானால் இரட்டைப் பையோடு மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடுங்கள். மின்சாரம் நீண்ட நேரம் போனால் இரண்டு கிழமைக் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

வெளியே எடுக்கும் நாளில் பையை உடனே பிரிக்காதீர்கள். பிரித்தால் நம் காற்றின் ஈரம் குளிர்ந்த இறகில் முத்து முத்தாகப் படியும். ஒரு நாள் முழுக்கப் பையோடு அறையில் வையுங்கள்.

7. வெண்காரம்

பதப்படுத்தும் பொருள் ஒன்றே ஒன்றுதான், வெண்காரம். நாட்டு மருந்துச் சரக்குக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டாலே தருவார்கள். நகைப் பட்டறைகளிலும் பொடி வைத்து ஊத இதைத்தான் வைத்திருப்பார்கள். கட்டியாகக் கிடைத்தால் அம்மியில் அரைக்காதீர்கள், சாப்பாட்டுப் பாத்திரம் எதிலும் படக்கூடாது. பழைய துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, பழைய வடிகட்டியில் சலித்து எடுங்கள். 250 கிராம் ஒரு வாலுக்குத் தாராளம்.

உப்பை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், நிலாவெளி உப்பளம் பக்கத்தில் இருப்பதால் எல்லோரும் முதலில் உப்பைத்தான் சொல்வார்கள். கருவாட்டுக்குச் சரி. ஆனால் கருவாட்டைச் சுவரில் மாட்டி வருடக்கணக்கில் வைப்பதில்லையே. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் வந்தவுடன் விசிறியின் அடி மறுபடி நனையும். ஃபோமலின் ஊசி போடச் சொல்பவர்களும் உண்டு. வீட்டுக்குள் அந்த வாடையைச் சுவாசிப்பது கெடுதி, செய்யாதீர்கள்.

வெண்காரத்தை வயிற்றுக்குள் போகவிடக் கூடாது. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைகள், பூனை, நாய் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள். சதை எடுத்த இடத்தைக் கொஞ்சம் ஈரத் துணியால் ஒற்றி, காம்புகளுக்கு இடையில் ஒவ்வொரு சந்திலும் பொடியைப் பற்தூரிகையால் தள்ளித் தேயுங்கள். முதுகுத் தோலின் உள்பக்கத்தையும் மறக்க வேண்டாம். எனக்கு இரண்டாவது வாலில் பூச்சி முதலில் பிடித்த இடம் அந்தத் தோல்தான்.

8. விரித்துக் குத்துவது

ஓர் அங்குலத் தடிப்பு ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) ஒன்று, மூன்று அடி நீளத்தில். அதன்மேல் பழைய பத்திரிகை. கீழ் விளிம்பின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, பிள்ளையின் கொம்பாஸ் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து அரைவட்டத்தைக் குறியுங்கள். பதினெட்டு இறகுக்குப் பதினேழு இடைவெளி. 180 பாகையைப் பதினேழால் வகுத்தால் ஏறக்குறைய பத்தரைப் பாகைக்கு ஒரு கோடு. இந்தக் கோடுகளை அளவுகோலால் நீளமாக இழுத்துவிட்டால் பிறகு கண்மதிப்பில் தடுமாற வேண்டியதில்லை. என் இரண்டாவது விசிறி ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் பல் விழுந்தது போலவும் இருந்ததற்குக் காரணம், இந்தக் கோடுகளை இழுக்காமல் தொடங்கியதுதான்.

வாலின் மேல்பக்கம் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். சேவல் வாலை நிமிர்த்தி விரிக்கும்போது முன்னால் நிற்பவருக்குத் தெரிவது அந்தப் பக்கம்தான். நடு இறகுகள் இரண்டும் எல்லாவற்றுக்கும் மேலே, அடுத்தடுத்தவை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் போக வேண்டும். அடுக்கு மாறியிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

முதலில் இரண்டு ஓர இறகுகளையும் கிடையாகக் கொண்டுவந்து குத்துங்கள். அடுத்தது நடு இரண்டு, 90 பாகைக் கோட்டின் இரு பக்கமும். பிறகு இடம் ஒன்று வலம் ஒன்றாக மற்றப் பதினான்கு. அடிச் சதை விறைப்பாக இருந்தால் வலிந்து இழுக்காதீர்கள், காம்புகளுக்கு நடுவில் விரலால் மெல்ல அமுக்கி அமுக்கி விரித்துக்கொண்டு போனால் இடம் விடும். குண்டூசி இறகின் தண்டுக்குள் போகவே கூடாது. தண்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சாய்த்துக் குத்தினால் அது நகராது. நுனிக்குக் கிட்ட இரண்டு அங்குல அகல மட்டைப் பட்டியை வளைவாகப் போட்டு, அதையும் ஊசியால் பிடித்துவிடுங்கள். கடைசியாக அடியில் மிச்ச வெண்காரத்தைக் குவித்து மூடுங்கள்.

மடங்கிப்போன இறகு இருந்தால் குத்துவதற்கு முன்பே நிமிர்த்திவிடுங்கள். இடியப்பம் அவிக்கும்போது வரும் ஆவி போதும். மடிப்பை ஆவியில் பத்து விநாடி காட்டி விரலால் நேராக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள். முழுக்க முறிந்த தண்டு நிமிராது. அதற்குப் பின்பக்கம் ஓர் ஈர்க்குத் துண்டை ஒட்டுங்கள்.

9. காயும் நான்கு கிழமை

நேர் வெயிலில் வைக்காதீர்கள். நிறம் மங்கும், அடி வெளியே மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். காற்றோட்டமான நிழல் அறை, பகலில் மின்விசிறி, இரவில் கடல்காற்று வரும் யன்னலை மூடுவது, இவ்வளவு போதும். மேசைக் கால்கள் ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றிய டின்னுக்குள் நிறுத்துங்கள். எறும்புக்கு அதைவிட நல்ல காவல் நான் காணவில்லை. டின்னில் நுளம்பு முட்டையிடாமல் மூன்று நாளுக்கு ஒருதரம் தண்ணீரை மாற்ற வேண்டும். மேலே ஒரு நுளம்பு வலை போட்டால் பல்லி எச்சமும் விழாது.

ஏழாம் நாள் அடியில் குவித்த வெண்காரத்தைத் தட்டிப் பாருங்கள். கட்டிப்பட்டுப் பிசுபிசுத்திருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இருபத்தெட்டாம் நாள் ஊசிகளைப் பிடுங்கும் முன், அடியை நகத்தால் தட்டுங்கள், மரப்பலகை போல் ஒலிக்க வேண்டும். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் வாடை எதுவும் வரக்கூடாது. ஓர இறகை மெல்ல ஆட்டினால் எல்லாம் சேர்ந்து அசைய வேண்டும், அது மட்டும் தனியாக ஆடக்கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் இன்னும் ஒரு கிழமை விடுங்கள்.

10. கடலோர வீட்டுக்காரருக்கு வேறொரு வழி

வீடு கடலிலிருந்து நூறு இருநூறு மீற்றருக்குள் என்றால், சதை அடியே இல்லாமல் செய்வதைத்தான் நான் சொல்வேன். பதினெட்டு இறகுகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். பிடுங்கும்போதே 1 முதல் 18 வரை எழுதிய சின்ன ஒட்டுநாடாவைக் காம்பில் சுற்றிவிடுங்கள். இடப் பக்க இறகும் வலப் பக்க இறகும் வளைவில் வேறு வேறு, கலந்துவிட்டால் திரும்ப அடுக்குவது பெரும்பாடு. கழுவி, காயவைத்து, இரண்டு கிழமை பிரீசரில் வைத்து எடுத்து, அரைவட்டமாக வெட்டிய பிளைவூட் துண்டில் பாகைக்கோட்டின்படி அரல்டைட் வைத்து ஒட்டுங்கள். வாகனங்களுக்கு டிங்கரிங் செய்யும் இடங்களில் பூசுகிற பில்லரைக் காம்புகளின் மேல் பூசினால் இன்னும் கெட்டி. முதுகுத் தோலின் மின்னும் இறகுகள் மட்டும் இந்த முறையில் வராது, அவற்றைத் தனித்தனியாக ஒட்ட வேண்டும். பொறுமை இருந்தால் செய்யலாம். அழுகுவதற்கு எதுவும் இல்லாததால் மனம் நிம்மதி.

11. பலகை, சட்டம், செலவு

அடியை மறைக்கக் கடைகளில் கேடய வடிவப் பலகை தேட வேண்டாம். பாதிச் சிரட்டை போதும். வெளியே கண்ணாடித் துண்டால் சுரண்டி, மண்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசாமல் வார்னிஷ் ஒரு பூச்சு. எண்ணெய் இறகில் இறங்கிவிடும். அதை விசிறியின் அடிமேல் கவிழ்த்து ஒட்டினால், கறுப்புச் சிரட்டையும் செம்பு நிற இறகும் ஒன்றுக்கொன்று அவ்வளவு பொருத்தம். வீட்டுக்கு வருபவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தச் சிரட்டையைத்தான்.

கண்ணாடி போட்ட ஆழமான சட்டம் கட்டாயமா? என் அனுபவத்தில் ஆம். திறந்த விசிறி தூசும் கடலுப்பும் பிடித்து இரண்டு வருடத்தில் பொலிவிழக்கும், வண்டும் சுலபமாக ஏறும். சட்டம் மூன்று அங்குல ஆழம், உள்ளளவு 34க்கு 20 அங்குலம். இறகின் நுனி கண்ணாடியில் படக்கூடாது. பின்பலகையை ஒட்டும் முன் ஒரு சிலிக்கா ஜெல் பையை மூலையில் வையுங்கள், சந்துகளை ஒட்டுநாடாவால் மூடுங்கள்.

நான் கொடுத்தது: வெண்காரம் 400 ரூபா, ரெஜிபோம் 650, குண்டூசி 150, பிளேட் 100, கையுறையும் முகக்கவசமும் 200. ஆக 1,500. சட்டத்துக்கு மட்டும் 9,500 ஆனது. கடைக்குக் கடை விலை மாறும், அளவைத் துண்டில் எழுதிக்கொண்டு இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். முன்பணம் கொடுக்கும்போது ஆழம் எத்தனை அங்குலம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வழக்கமான படச் சட்டம் என்று நினைத்து ஓர் அங்குலத்தில் செய்து தந்துவிட்டார்கள் எனக்கு. திருத்த இன்னும் ஒரு கிழமை போனது.

மாட்டும் இடம்: வெயில் நேரே விழாத உட்சுவர். சமையலறைப் புகை, கடலைப் பார்த்த யன்னல், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் மூன்றும் ஆகாது. சட்டத்தின் பின்னால் கீழ் இரண்டு மூலைகளிலும் போத்தல் மூடியைப் பாதியாக வெட்டி ஒட்டினால், சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் காற்று போகும். பின்பக்கத்தில் "வெண்காரம் போட்டது, வாயில் வைக்கக் கூடாது" என்று எழுதுங்கள். பத்து வருடம் கழித்து யார் கையில் போகுமோ தெரியாது.

மூன்று மாதத்துக்கு ஒருதரம் டார்ச் அடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். கீழே சலித்த மாவு போல் பழுப்புத் தூள் கிடந்தால் வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றே கழற்றிப் பையில் கட்டி மறுபடி இரண்டு கிழமை பிரீசர். மருந்து அடிக்காதீர்கள், இறகில் வெள்ளைப் படலம் விழும். விரித்த விசிறி பிரீசரில் நுழையாதே என்று கேட்பீர்கள். ஐஸ்கிறீம் விற்பவர்களின் நீளப் பெட்டியில் நுழையும், கேட்டால் இடம் தருகிறார்கள்.

12. வெளிநாட்டுக்குக் கொடுத்துவிடும் முன்

விடுமுறைக்கு வந்த உறவினர் "எனக்கும் ஒன்று" என்று கேட்பார்கள். பயணப்பெட்டியில் போட்டுக் கொடுக்கும் முன் போகும் நாட்டின் விதியை அவரையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போனால் இறகை வருகை அட்டையில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். மறைத்துக் கண்டுபிடித்தால் அபராதம். அறிவித்தாலும் சோதித்துப் பார்த்துத்தான் விடுவார்கள், விடாமலும் போகலாம். பல நாடுகள் பதப்படுத்தாத பறவை இறகைப் பறவை நோய்களுக்குப் பயந்து கட்டுப்படுத்துகின்றன. சதையும் எலும்பும் உள்ள விசிறிக்கு இன்னும் சிக்கல். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பத்தாம் படியில் சொன்ன, இறகு மட்டும் உள்ள விசிறியைச் செய்யுங்கள்.

இங்கிருந்து அனுப்புவதற்குச் சுகாதாரச் சான்றிதழ் கேட்டால் அது கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் வேலை. முதலில் உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். விற்றவர் எழுதித் தந்த துண்டு, பதப்படுத்திய முறையும் திகதிகளும் எழுதிய ஒரு தாள், படங்கள், பயணியின் கடவுச்சீட்டுப் பிரதி இவற்றோடு போனால் இரண்டாம் தடவை அலைய வேண்டிவராது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்குங்கள். கடைசிக் கிழமையில் போய் நின்றால் யாரையும் குறை சொல்ல முடியாது.

மெல்பேர்னில் இருக்கும் என் அக்கா இதையெல்லாம் விசாரித்துவிட்டு, வேண்டாம் தம்பி, அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்கென்று செய்த விசிறி உப்புவெளியில் எங்கள் முன்னறையில், என்னுடையதற்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. பின்பலகையில், வான்கோழி விற்றவர் எழுதித் தந்த துண்டுக்குக் கீழே, அவர் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன்.